தட்டில் வைத்த போன்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சர்வர் அறையை ஒட்டிய சின்ன அறைக்குள் கதவைத் தட்டாமல் ஒரு ஆள் நுழைந்தார். வந்த வேகத்தில் மேஜை மேல் ஒரு போனை வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது; அறைந்தார் என்பதுதான் சரி. மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பை தளும்பிச் சிந்தியது.

"யாரு இதை அழிச்சது?"

அறைக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். புதிதாகக் கடையில் வாங்கிப் பெட்டியைப் பிரித்த போனில் வருவதுபோல, 'வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று திரையில் இருந்தது.

"தொலைஞ்சு போன போன்தானே இது? கிடைச்சிடுச்சா?"

"தொலையவே இல்ல மேடம். யாரு அழிச்சதுன்னு கேட்டேன்."

"நான்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருங்க," என்றார். வாழ்த்துகிற குரல் இல்லை அது.

அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. வந்தவர் அங்கே பதினெட்டு வருஷமாக மெக்கானிக். லிஃப்டைத் தூக்கி இறக்கும் இரும்புக் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தே அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குக் 'கயிறு' என்று பெயர். சின்ன வயசு ஆட்கள் கயிறண்ணன் என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை, கம்பெனியின் கம்ப்யூட்டர்களையும் போன்களையும் பாதுகாப்பது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் "போனைப் பூட்டினீங்களா?" என்று கேட்டுக் கேட்டே 'பூட்டம்மா' ஆகிவிட்டாள். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பூட்டச் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எண்பது மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி போன் வாங்கித் தராது. அவரவர் சொந்தப் போனிலேயே கம்பெனி ஆப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஆப்பில் ஒவ்வொரு கட்டடத்தின் பின்வாசல் எண், மெஷின் அறையின் கதவு எண் எல்லாம் இருக்கும். ஒரே ஒரு போன் கெட்டவன் கையில் சிக்கினால் போதும், மருத்துவமனை, விடுதி, குடியிருப்பு என்று நூறு கட்டடங்களுக்குள் அவன் மாப்பிள்ளை மாதிரி நுழையலாம். அதனால் போன் தொலைந்தால் உடனே தூரத்தில் இருந்தே அழித்துவிட வேண்டும். ஆப்பை நிறுவிய காலத்தில் அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கம்பெனி சம்பந்தப்பட்டதை மட்டும் அழிப்பது ஒன்று, போன் முழுவதையும் துடைத்துவிடுவது இன்னொன்று. அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். அதற்குச் சம்மதம் என்று நாலு பக்கத் தாளில் எண்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தரும் படிக்கவில்லை. படிக்க அவள் நேரமும் கொடுக்கவில்லை.

"நேத்து மூணு மணிக்கு மேல சர்வீஸ் மேனேஜர் பேசினாரு," என்றாள் இப்போது. "நீங்க போனை பஸ்ஸுல விட்டுட்டீங்கன்னு சொன்னாரு. உங்களுக்காக அவரே ஃபார்மும் நிரப்பி அனுப்பினாரு. நான் விதிப்படிதான் செஞ்சேன்."

"நேத்து மூணு மணிக்கு நான் பஸ்ஸுல இல்ல. மேல ரெண்டாவது மாடியில மீட்டிங்ல இருந்தேன். உங்க விதிப்படிதான்."

"என் விதியா?"

"மீட்டிங் அறைக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது, ஒட்டுக் கேக்கும், வாசல்ல தட்டுல வச்சிட்டுப் போகணும்னு நோட்டீஸ் ஒட்டினது யாரு? உங்க மாமனாரா?"

 அந்த நோட்டீஸில் கீழே அவள் கையெழுத்து இருந்தது.

"தட்டுல வச்சேன். வெளிய வந்தா போன் இல்ல. மேனேஜர்கிட்ட சொன்னேன். 'எங்கய்யா போயிடும், யாராவது மாத்தி எடுத்திருப்பாங்க, பூட்டம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்'னாரு. இன்னைக்குக் காலைல வந்து பாக்குறேன், அதே தட்டுல இருக்கு. குளிப்பாட்டி வச்ச மாதிரி."

"உள்ள முக்கியமான ஏதாவது..."

"முக்கியமானதா?" அவர் சிரித்தார். "போன வாரம் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில லிஃப்ட் அரை மாடி சறுக்குச்சே, சாப்பாட்டு வண்டி தள்ளிட்டு வந்த ஆயாவுக்கு மணிக்கட்டு உடைஞ்சுதே, தெரியுமா? அந்த லிஃப்டோட கயிறு பிஞ்சுக்கிட்டு வருதுன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். இருபத்தாறு போட்டோ, ரெண்டு வீடியோ. அதுக்கு அவரு குரல்ல பதில் அனுப்பினாரு. 'இன்னும் ரெண்டு மாசம் ஓடட்டும், ரிப்போர்ட்ல எழுதாதே'ன்னு. எல்லாம் இதுக்குள்ள இருந்தது. வியாழக்கிழமை அரசு ஆய்வாளர் விசாரிக்க வர்றாங்க. மேனேஜர் என்ன சொல்லப் போறாரு தெரியுமா? கயிறு கயித்தைப் பாக்கவே இல்லன்னு."

"வேற எங்கயாவது காப்பி எடுத்து..."

"கம்பெனி ஆப் இருக்கற போனை இணையத்துல காப்பி எடுத்து வைக்கக் கூடாது. நாலாம் பக்கம், ஏழாவது வரி. நேத்து ராத்திரிதான் முதல்முறையா படிச்சேன்." அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு கொடுத்தாரு மேடம் உங்களுக்கு?"

"வார்த்தையை அளந்து பேசுங்க!"

"எனக்கு அளக்கத் தெரிஞ்சது கயிறு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுப் போனார். வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டிருந்தார்கள்.

அவள் எழுந்து போய்க் கதவை ஓங்கிச் சாத்தினாள்.  எட்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் ஒரு தப்புக்கூட அவள் பெயரில் விழுந்ததில்லை. தொலைந்த தகவல் வந்ததில் இருந்து போனை அழிப்பது வரை சராசரி ஒன்பது நிமிடம் என்று மாதாமாதம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறவள் அவள். இந்த ஆள் பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்து கதை அளக்கிறான், இவனை ஆதாரத்தோடு மடக்க வேண்டும் என்றுதான் கம்ப்யூட்டரில் அந்தப் போனின் பதிவைத் திறந்தாள்.

பதிவு அவரை மடக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் இரண்டு ஐம்பத்தொன்றில் இருந்து மூன்று நாலு வரை யாரோ அந்தப் போனைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். தவறான பாஸ்வேர்டு, ஆறு முறை. மூன்று பன்னிரண்டுக்கு மேனேஜரின் ஃபார்ம் வந்திருக்கிறது. மூன்று பதினைந்துக்கு அவள் பட்டனை அழுத்தியிருக்கிறாள். பதினோரு நொடியில் போன் காலி. இவ்வளவு நேரமும் போன் இருந்த இடம், பஸ் இல்லை. அலுவலக வைஃபை, இரண்டாவது மாடி, மேற்கு மூலை. மேற்கு மூலையில் இருப்பது ஒரே ஒரு அறை. மேனேஜர் அறை.

அந்தத் தகவல் எங்கேயோ ஒளிந்து கிடக்கவில்லை. அவள் அழுத்திய சிவப்புப் பட்டனுக்கு மேலேயே, 'கடைசியாகத் தெரிந்த இடம்' என்று ஒரு வரி இருந்தது. நேற்றும் இருந்தது. மாதத்துக்கு மூன்று போன் தொலையும். அவள் கண் பெயரைப் பார்க்கும், உடனே பட்டனுக்குப் போய்விடும். நடுவில் இருந்த வரியை அவள் கடைசியாக எப்போது படித்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

போனை யாரும் எளிதில் திறக்க முடியாதபடி எட்டு இலக்க பாஸ்வேர்டு கட்டாயம் என்று சொன்னதும் அவள்தான். திறக்க முடியாமல் போனதால்தான் மேனேஜர் அழிக்கச் சொல்லியிருக்கிறார் என்பது விளங்கியபோது, சிந்திய தேநீரைத் துடைக்க எடுத்த காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு எழுந்தாள்.

மேனேஜர் அறைக்கு அவள் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. யாரையும் அதட்டிப் பேசாத மனிதர் என்று பெயர் எடுத்தவர்.

"வாங்க மேடம். கயிறு காலைல உங்க ரூமுக்கு வந்து ஆடினானாமே."

"போன் பஸ்ஸுல தொலைஞ்சதுன்னு சொன்னீங்களே சார். அது உங்க ரூம்ல இருந்திருக்கு."

"அப்படியா? யாரு சொன்னா?"

"பதிவு சொல்லுது. ஆறு தடவை திறக்கவும் பார்த்திருக்கீங்க."

அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "யாரோட போன்னு தெரியாம எடுத்தேன். யாரோடதுன்னு பாக்கத் தட்டிப் பார்த்தேன். அது ஒரு தப்பா?"

"யாரோடதுன்னு தெரியாம எப்படி சார் அவர் பேர்ல ஃபார்ம் நிரப்பினீங்க?"

கண்ணாடி மூக்கில் ஏறியது. குரல் மட்டும் ஏறவில்லை.

"இதோ பாரும்மா. ஃபார்ம் நான் அனுப்பினேன். சரி. பட்டனை அழுத்தினது யாரு? உன் பேர்லதானே இருக்கு? எங்க இருக்குன்னு ஒரு பார்வை பாக்காம அடுத்தவன் போனைத் துடைச்சது நீ. விசாரணைன்னு வந்தா முதல்ல யாரைக் கேப்பாங்கன்னு நினைக்கிற?"

மேடம் போய் 'அம்மா' வந்ததையும், 'நீங்க' போய் 'நீ' வந்ததையும் அவள் கவனித்தாள்.

"அந்தப் பதிவு எல்லாம் எத்தனை நாள் இருக்கும்?" என்றார், மழை வருமா என்று கேட்பதுபோல.

"தொண்ணூறு நாள்."

"அதை ஒரு நாளா மாத்தலாம்ல? இடம் மிச்சமாகும்."

"மாத்த மாட்டேன் சார்."

"பூட்டம்மான்னு சும்மாவா பேரு வச்சிருக்காங்க? எல்லாத்தையும் பூட்டத் தெரிஞ்ச உனக்கு வாயைப் பூட்டத் தெரியாதா?" அவர் கதவைக் காட்டினார். "யோசிச்சு நட. உன் வேலையை நீயே கெடுத்துக்காதே."

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளியில் ஆசிரியர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் பழகியவன். வீட்டிலும் எதற்கும் முதலில் பிரேக்தான்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? நீ விதிப்படி செஞ்ச. அவ்வளவுதான்."

"விதியே என்னோடதுங்க."

"இருக்கட்டுமே. அந்த ஆளு உன்னைக் கை நீட்டி வாங்கினவள்னு சொல்லியிருக்கான். அவனுக்காகவா நீ மேனேஜரைப் பகைச்சுக்கப் போற?"

"அவனுக்காக இல்ல."

"பின்ன?"

அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என் கையை எடுத்து இன்னொருத்தனைக் குத்தியிருக்காங்க. எனக்கு எரியுது," என்றாள். அவன் கத்தியை எடுத்து மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்தான். அவள் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. அவள் கோபமாக இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே அலுவலகம் போனாள். முதல் வேலையாகப் பதிவை அச்செடுத்தாள். நாலு பக்கம், இரண்டு பிரதி. பென்டிரைவில் எதையும் ஏற்றக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு விதி, அதனால்தான் காகிதம். நல்லதாகப் போயிற்று. ஒன்பது மணிக்கு உட்கார்ந்து மறுபடி உள்ளே நுழையப் பார்த்தால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. பின்னாலேயே மேலிடத்தில் இருந்து ஒரு மெயில். அனுமதிகளை மறுஆய்வு செய்வதால் இரண்டு வாரத்துக்கு அவளுடைய அதிகாரங்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன, ஒத்துழைப்புக்கு நன்றி. மேனேஜருக்கும் ஒரு நகல் போயிருந்தது.

அச்செடுத்த தாள்களை உறையில் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். கருவி அறை அங்கேதான். எண்ணெய் வாசனை; சுவரில் வரிசையாகச் சங்கிலிகள்; நடுவில் நீளமான பெஞ்சு. வேலைக்குக் கிளம்பத் தயாராக ஏழெட்டு மெக்கானிக்குகள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவன், "டேய், பூட்டம்மா வருது, போனை ஒளிங்கடா!" என்று கத்தினான். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் தன் போனைக் கருவிப் பெட்டிக்குள் போட்டு அதன் மேல் ஏறியே உட்கார்ந்தான். சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது. யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

கயிறண்ணன் மூலையில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட தனியா பேசணும்."

"தனியா பேசுற அளவுக்கு நமக்குள்ள என்ன இருக்கு? இங்கயே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும், நாளைக்கு அவனுக போனும்தான் போகப் போகுது."

அவள் உறையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இது என்ன, புதுப் பொறியா?"

"உங்க போனோட பதிவு. நீங்க சொன்னது உண்மை. போன் மேனேஜர் ரூம்லதான் இருந்திருக்கு. அவர் திறக்கப் பார்த்திருக்காரு. முடியல. அப்புறம்தான் எனக்குச் சொல்லியிருக்காரு."



"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து. நீங்க போனதுக்கப்புறம்."

"திங்கட்கிழமை தெரிஞ்சிருக்க முடியாதா?"

 "முடிஞ்சிருக்கும். பட்டனுக்கு மேலயே எழுதியிருந்தது."

"ஆக, ஒரு தடவை கண்ணைத் தூக்கிப் பார்த்திருந்தா போதும்."

"ஆமா."

"பாக்கல."

"பாக்கல."

அவர் உறையைப் பிடுங்குவதுபோல வாங்கினார். "வெக்கமா இல்ல மேடம் உங்களுக்கு?"

அதுவரை தலை குனிந்து நின்றவளுக்கு அங்கேதான் சுருக்கென்றது. "இருக்கு. எனக்கு வெக்கமா இருக்கு. உங்களுக்கு? கயிறு பிஞ்சுக்கிட்டு வருதுன்னு உங்களுக்கு ரெண்டு மாசமா தெரியும். போட்டோ எடுத்தீங்க. அனுப்பினீங்க. ஆனா லிஃப்டை நிறுத்தினீங்களா? ஒரு பலகை எழுதித் தொங்க விட்டிருந்தா அந்தம்மா கை உடைஞ்சிருக்காதே?"

கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான். "அண்ணனைப் பார்த்து என்ன பேச்சு பேசறீங்க?" என்று ஒரு அடி முன்னால் வந்தான். கயிறண்ணன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவர் முகம் கறுத்திருந்தது.

"போங்க இங்கிருந்து," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் படியேறும்போது பின்னால் யாரோ என்னவோ சொன்னார்கள். கெட்ட வார்த்தை. திரும்பவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அரசு ஆய்வாளர் ஒரு பெண்மணி. கட்டை குட்டையாக, கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடியோடு வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. எல்லோரும் பொய் சொல்லப் போகிறார்கள் என்ற முடிவோடு வந்தவர்போல இருந்தது. மீட்டிங் அறை வாசலில் தட்டு இருந்தது. கயிறண்ணன் அதைத் தாண்டி, போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார். காவலாளி தடுக்கவில்லை.

முதலில் மேனேஜர் பேசினார். வருத்தம் தோய்ந்த குரல். மெக்கானிக் நல்ல வேலைக்காரர்தான், வயசாகிவிட்டது, சோதனையை ஒழுங்காகச் செய்யாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார், நம்பி மோசம் போனோம் என்றார்.

"நான் போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன்," என்றார் கயிறண்ணன்.

"எங்கே போட்டோ?" என்றார் ஆய்வாளர்.

அவர் வெறும் போனைத் தூக்கிக் காட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பூட்டம்மா எழுந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தன் பிரதியைக் கொண்டுபோய் ஆய்வாளர் முன்னால் வைத்தாள்.

"போட்டோ இந்தப் போன்ல இருந்தது. திங்கட்கிழமை இதை அழிச்சது நான். அழிக்கச் சொன்னது இந்த மேனேஜர். அழிக்கும்போது போன் இவர் ரூம்ல இருந்தது. நேரத்தோட இதுல இருக்கு."

"இது கம்பெனியோட ரகசிய ஆவணம்!" மேனேஜரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இவங்களுக்கு இதை வெளிய காட்ட அதிகாரமே கிடையாது. இவங்களும் அவனும் சேர்ந்து..."

"உட்காருங்க," என்றார் ஆய்வாளர். தாளைப் படித்தார். விரலை ஒரு வரியில் வைத்தார். "ஆறு தடவை தப்பான பாஸ்வேர்டு. சொந்தப் போனுக்கு யாரும் ஆறு தடவை தப்பாப் போட மாட்டாங்க." பிறகு அவளைப் பார்த்தார். "நீங்க ஏன் அழிச்சீங்க? இடம் இதுலயே இருக்கே. பாக்கலையா?"

"பாக்கல."

"பாதுகாப்புதானே உங்க வேலை?"

"ஆமா."

"யாரோட பாதுகாப்பு?"

 ஆய்வாளர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை; கயிறண்ணன் பக்கம் திரும்பினார்.

"கழட்டின கயிறு எங்ககிட்ட இருக்கு. பிஞ்ச முனையில துருப் பிடிச்சிருக்கு. நேத்து பிஞ்சது இல்ல அது. பல வாரம் ஆச்சு. உங்களுக்கு முன்னாலயே தெரியும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப ஏன் லிஃப்டை நிறுத்தல?"

"நிறுத்தினா வேலை போயிடும்னு..."

"அந்தம்மாவுக்கு மணிக்கட்டு போச்சு," என்றார் ஆய்வாளர். "அடுத்து?"

அன்றைய விசாரணை நாலு மணி நேரம் நடந்தது. மேனேஜரின் போனையும் ஆய்வாளர் கேட்டு வாங்கினார். அதில் கயிறண்ணனோடு பேசிய பழைய பக்கம் மொத்தமும் வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு வரி இல்லை. பத்து வருஷமாகத் தினமும் வேலை சொன்ன ஆளோடு ஒரு வரிகூட இல்லாமல் போனது எப்படி என்று கேட்டதற்கு மேனேஜர் மென்று விழுங்கினார். புதிதாக ஒரு போட்டோகூடக் கிடைக்கவில்லை. ஆனால் கிடைக்காத விதமே ஆய்வாளருக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மேனேஜரின் லிஃப்ட் பராமரிப்பு உரிமத்தை ரத்து செய்தார்கள். கம்பெனி அவரைக் கைகழுவியது. கயிறண்ணன் ஆறு மாதம் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு; இன்னொருத்தருக்குக் கீழே உதவியாளாகத்தான் வேலை செய்யலாம். பூட்டம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றி உள் ஆவணத்தை வெளியாரிடம் கொடுத்ததால் அவளுடைய சேவை இனி தேவையில்லை. அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

கடைசி நாளில், நிறுத்தி வைத்திருந்த அவளுடைய அதிகாரங்களை அன்று மட்டும் திறந்துவிட்டு, புதிதாக வந்தவரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைப்பதற்கு முன்னால் அவள் அரை மணி நேரம் கேட்டு வாங்கி ஒன்றைச் செய்தாள். முழுப் போனையும் துடைக்கும் வழியை எடுத்துவிட்டு, கம்பெனி சம்பந்தப்பட்டதை மட்டும் அழிக்கும் வழியை வைத்தாள். போனுக்குச் சொந்தக்காரர் தானே வந்து சொன்னால்தான் பட்டன் வேலை செய்யும் என்றும் மாற்றினாள். புதிதாக வந்தவர் இளைஞர்; பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இதனால ஒன்பது நிமிஷம்ங்கறது ஒரு மணி நேரம் ஆயிடுமே மேடம்," என்றார். "ஆகட்டும்," என்றாள் அவள். அவர் அதை மறுநாளே பழையபடி மாற்றிவிடுவாரோ என்று அவளுக்குச் சந்தேகம்தான். கேட்க முடியவில்லை.

வாசலில் காவலாளி அவள் பையைத் திறந்து காட்டச் சொன்னார். எட்டு வருஷம் வணக்கம் வைத்தவர். கூச்சத்தோடு, கண்ணைப் பையில் வைக்காமலே "போங்கம்மா" என்றார். வண்டி நிறுத்தும் இடத்தில் கயிறண்ணன் தன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். அவளுக்காகத்தான் நிற்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"நன்றி சொல்ல நிக்கறேன்னு நினைக்காதீங்க," என்றார்.

"நினைக்கல."

"மேனேஜர் போனது எனக்குச் சந்தோஷம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னொண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்க." அவர் தலைக்கவசத்தைக் கையில் சுழற்றினார். "நான் பாக்கற லிஃப்ட் ஒவ்வொண்ணுக்கும் சத்தத்தைப் பதிவு பண்ணி வச்சிருந்தேன். புதுசா மாட்டின அன்னைக்கு மோட்டார் எப்படி ஓடுது, கதவு எப்படி மூடுது, எல்லாம். அப்புறம் ஏதாவது கோளாறுன்னா பழைய சத்தத்தைக் காதுல வச்சுக் கேப்பேன். எங்க மாறியிருக்குன்னு அதுல தெரிஞ்சிடும். ஆறு வருஷமா சேர்த்தது. நூத்திப் பன்னெண்டு லிஃப்ட். அதுவும் உங்க பதினோரு நொடியிலதான் போச்சு."

அவள் பையை இன்னொரு கைக்கு மாற்றினாள். "மறுபடியும் பதிவு பண்ண முடியாதா?"

அவர் அவளை விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதெல்லாம் நல்லா ஓடினப்ப எடுத்தது மேடம். இப்ப எடுத்தா, இப்ப ஓடுற சத்தம்தான் வரும்."

"நான்..."

"வேண்டாம்," என்றார். "நீங்க மன்னிப்புக் கேட்டா நான் சரின்னு சொல்லணும். எனக்குச் சொல்ல மனசு இல்ல." பைக்கை உதைத்துக் கிளப்பினார். அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். சாலையில் சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

கணவன் பயிற்சிக் காரைத் தெரு முனையில் நிறுத்தியிருந்தான். அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு அந்த ஆளு? அவன்தானா?"

"அவர்தான்."

"இப்பவாவது நல்ல வார்த்தை சொன்னானா?"

"இல்ல," என்றாள். "சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. வண்டியை எடுங்க."